அறுபதிலிருந்து கீழே

ஏழு பள்ளிக்கூடம், ஒரே மெத்தை.
அந்த மெத்தையும் ஈரோட்டிலிருந்து
தேங்காய் லாரியில் சுருட்டி வந்த இரவல்.
திங்கட்கிழமை காலை திரும்பிப் போயாக வேண்டும்.

எல்லாரும் எல்லாரோடும் என்றால்
இருபத்தோரு மோதல். ஒவ்வொன்றிலும் ஐந்து எடை.
நூற்றைந்து குஸ்தி, ஆறாறு நிமிஷம்,
பத்தரை மணி நேரம்.
ஒன்பதுக்குத் தொடங்கினால்
வெள்ளகோவில் ஞாயிற்றுக்கிழமையில்
அவ்வளவு வெளிச்சம் கிடையாது.
மூலனூர் பஸ்ஸும் அதுவரை நிற்காது.

பிரிக்கிறேன். நான்கு இந்தப் பக்கம், மூன்று அந்தப் பக்கம்.
அரையிறுதி, மூன்றாமிடம், இறுதி சேர்த்துப் பதிமூன்று.
ஆறரை மணி நேரம், சோற்றுக்கு அரை.
கணக்கு உட்கார்ந்துவிட்டது,
நியாயம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது:
மூவர் குழுவுக்கு ஒரு மோதல் குறைவு,
ஒரு மூச்சு மிச்சம்.

சாக்பீஸ் டப்பாவில் ஏழு சீட்டு.
வாட்ச்மேன் குப்புராசு கண்ணை மூடி எடுத்தார்.
மூவர் குழுவில் முதல் சீட்டு எங்கள் பள்ளி.
"ஆருங் நம்புவாங்க டீச்சர்?" என்றார்,
தானே எடுத்த சீட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி.
மறுபடி குலுக்கலாம்தான்.
ஆனால் இரண்டாம் தரம் குலுக்கியவர்
மூன்றாம் தரமும் குலுக்குவார்.
அப்படியே ஒட்டினேன், பசை கொஞ்சம் அதிகமாக.

கொப்பரைக் களத்துத் தராசு
விடிய ஏழரைக்கே வந்துவிட்டது, கூடவே அதன் ஆள்.
பையன்களை ஏற்றி இறக்கி
மூட்டை சொல்லும் அதே ராகத்தில் கிலோ சொன்னார்.
"சாக்குக்கு முந்நூறு கழிச்சரட்டுங்களா?"
ஜெர்சியைச் சொல்கிறார்.
இருநூறு கிராம் கூடிப்போன ஊத்துக்குளிப் பையன்
மைதானத்தை இரண்டு சுற்று ஓடி வந்து
எச்சிலையும் துப்பிவிட்டு ஏறினான்.

மூலனூர் நான்கே பேர்.
நாற்பத்திரண்டு கிலோவுக்கு ஆள் இல்லை.
"பிரணேஷோட அப்பா முருங்கைக்காய் லோடோட
ஒட்டன்சத்திரம் போயிட்டாருங்க,
ஆட்டுக்கு ஆளில்லைன்னு நிறுத்திக்கிட்டாங்க."
ஒவ்வொரு மோதலிலும்
ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை.
எப்போதும் சிறிய எடையிலிருந்து ஏறுவோம்.
தலைகீழாக்கினேன்:
அறுபதில் தொடங்கி, நாற்பத்திரண்டு கடைசி.
கூட்டினால் அதே தொகை.
ஆனால் இழப்பு வாசலில் வந்து நிற்காது,
கொல்லைப்பக்கமாக வரும்.
அதற்குள் மூன்று ஜெயித்துவிட்டால்
வந்தாலும் எதையும் கொண்டுபோக முடியாது.
யாரிடமும் சொல்லவில்லை.
என்மேல் எனக்கே கொஞ்சம் பெருமை.

மத்தியானம் இரண்டரை. இரண்டாவது அரையிறுதி.
சென்னிமலை, மூலனூர்.
அறுபதை மூலனூர் எடுத்தது, ஐம்பத்தைந்தை விட்டது.
ஐம்பதில் திவாகரன் எதிராளியின் தோளை
மெத்தையில் ஆணியடித்த மாதிரி வைத்தான்.
நாற்பத்தாறு, கடைசி மூன்று நொடி வரை மூலனூர்;
பிறகு சென்னிமலை.
இரண்டுக்கு இரண்டு.

ஐந்தாவதைப் பார்க்க
மைதானமே எழுந்து நின்றது.

நடுவர் பெயர் கூப்பிட்டார். காத்திருந்தார்.
மறுபடி கூப்பிட்டார்.
மெத்தை நடுவில் சிவப்பு உடையில் ஒரே ஒரு பையன்,
முழங்கால் பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு.
முதலில் வைத்திருந்தால்
யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.
காலியிடத்தை நான்தான் தூக்கிவந்து
எல்லார் கண்ணுக்கும் நேரே வைத்தேன்.

அவன் கையை நடுவர் உயர்த்தினார்.
மூலனூர் நால்வரில் ஒருவன் தட்டினான்,
மற்றவர்கள் தண்ணீர்ப் பாட்டிலைத் தேடினார்கள்.

சிவப்புப் பையன் நேரே என் மேசைக்கு வந்தான்.
நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.
"டீச்சர், நான் புடிக்கவே இல்லீங்களே.
இதை எப்படி எழுதுவீங்?"

மூன்றுக்கு இரண்டு என்று எழுதினேன்.
அட்டவணையில்
இன்னொரு ஆறு நிமிஷம் மிச்சமாகியிருந்தது.